பழைய மெட்டல் டிடெக்டரில் காசு தேட எந்தக் காயில் போடுவது?

பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று கைக்கு வந்து, நாலைந்து நாள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து ஆணியும் சோடா மூடியுமாகத் தோண்டியெடுத்த பிறகு எல்லாருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: இதற்குப் பெரிய காயில் வாங்கிப் போட்டால் இன்னும் ஆழத்தில் கிடக்கிற காசெல்லாம் கிடைக்குமா? கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு தேடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்து வாங்க வேண்டியது சின்னக் காயில்தான், மெஷின் பழசு என்றால் இன்னும் நிச்சயமாக. ஏன் என்று புரிய வேண்டுமானால் காயிலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அறிவியல் என்றதும் ஓடிவிடாதீர்கள், இரண்டு மூன்று பத்தியில் முடித்துவிடுகிறேன்.

கம்பின் நுனியில் வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒரு தட்டு இருக்கிறதே, அதுதான் காயில். உள்ளே குறைந்தது இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். முதல் சுருளில் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறி ஓடுகிறது, அதனால் தட்டைச் சுற்றியும் கீழே மண்ணுக்குள்ளும் ஒரு காந்தப்புலம் மாறி மாறி எழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் புலத்தில் ஒரு காசு மாட்டினால் காசின் உடம்புக்குள்ளேயே சின்னச் சின்ன மின்சுழிகள் கிளம்பும். அந்தச் சுழிகள் தங்கள் பங்குக்கு ஒரு துளிக் காந்தப்புலத்தை உண்டாக்கும், அதைத்தான் இரண்டாவது சுருள் காது கொடுத்துக் கேட்கிறது. சிக்கல் எங்கே என்றால், முதல் சுருள் போடுகிற கூச்சலுக்கும் காசிலிருந்து திரும்பி வருகிற முனகலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதனால் முதல் சுருளின் கூச்சல் இரண்டாவது சுருளில் தனக்குத்தானே அடிபட்டு ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிற மாதிரி இரண்டையும் இடம் பார்த்து வைத்து, ரெசின் ஊற்றி அசையாமல் இறுக்கிவிடுகிறார்கள். இந்தச் சமநிலைதான் காயிலின் உயிர். உள்ளே கம்பி மயிரிழை நகர்ந்தாலும் போச்சு.

தொலைபேசிக்குப் பெயர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் இதே சமநிலைத் தத்துவத்தில் ஒரு கருவி செய்து, சுடப்பட்டுப் படுக்கையில் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே என்று தேடினார். அகப்படவில்லை. வைத்தியர் உடம்பின் வலது பக்கத்தில் மட்டும்தான் தேடவிட்டார், குண்டோ இடது பக்கம் இருந்தது. போதாததற்கு ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் இரும்புக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை கிடந்தது, கருவிக்கு அதுவும் உலோகம்தானே. கருவி வேலை செய்கிற கருவிதான். தேடவிட்ட இடமும் பக்கத்தில் கிடந்த இரும்பும் சேர்ந்து அதைத் தோற்கடித்தன. ஆணிகளுக்கு நடுவே கிடக்கிற வெள்ளிக் காசை நம் மெஷின் கோட்டைவிடுவதும் இதே கதைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிற சத்தம் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துத்தான் மெஷின் இது இரும்பு, இது அலுமினியத் தாள், இது வெள்ளி என்று ஊகிக்கிறது. ஆனால் தட்டுக்குக் கீழே ஒரே சமயத்தில் மூன்று உலோகம் இருந்தாலும் மெஷினுக்கு வந்து சேருவது மூன்றும் கலந்த ஒரே சத்தம். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற கண் அதற்குக் கிடையாது. இப்போது வருகிற மெஷின்கள் ஒரு ஆணியைத் தாண்டியவுடனே அடுத்த பொருளுக்குத் தயாராகிவிடுகின்றன. 1980-களிலும் 90-களிலும் வந்த பல அனலாக் மெஷின்கள் அப்படியில்லை. ஆணியை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரு கணம் மூச்சு வாங்கும், அந்தக் கணத்துக்குள் காயில் காசைத் தாண்டிப் போய்விடும். மெஷினுக்குள் இருக்கிற அந்தச் சுற்றை நீங்களும் நானும் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது காயில் மட்டும்தான்.

முதலில், எது பொருந்தும்?

எந்தக் காயில் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் காயில் இந்த மெஷினில் வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும். பழைய மெஷின்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒவ்வொரு மெஷினும் தனக்கென்று ஒரு அலைவரிசையில் ஓடுகிறது. ஒயிட்ஸ் கம்பெனியின் பழைய மாடல்கள் பலவும் 6.59 கிலோஹெர்ட்ஸ். கேரட் கம்பெனியின் ஏஸ் 250 என்றால் 6.5, அதே கேரட்டின் ஏடி புரோ 15. காயிலின் சுற்று எண்ணிக்கையும் கம்பியின் தன்மையும் அந்த அலைவரிசைக்கென்றே அளந்து செய்யப்பட்டவை, அதனால் கம்பெனி பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஏடி புரோவின் காயிலை ஏஸ் 250-க்கு வாங்கிவிட்டுப் பிறகு கையைப் பிசையக்கூடாது. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சுருளின் மின்தன்மைகள் மாடலுக்கு மாடல் வேறாக இருக்கலாம். மாடல் பெயரையும் முடிந்தால் எந்தக் காலத்துப் பதிப்பு என்பதையும் சொல்லிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

விதிவிலக்கும் உண்டு. மைன்லேப்பின் எக்ஸ்-டெர்ரா வரிசையில் காயிலை மாற்றினால் மெஷினின் அலைவரிசையே மாறும்: 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று விதமான காயில்கள் வந்தன, எந்த மாடல் எதையெல்லாம் ஏற்கும் என்பதில்தான் வித்தியாசம். வெள்ளி, செம்பு மாதிரி மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற பெரிய காசுகளுக்குக் குறைந்த அலைவரிசை ஒத்துப்போகும். மெல்லிசான, சின்ன, சுமாராகக் கடத்துகிற காசுகளுக்கு அதிக அலைவரிசை. அந்த வரிசை வைத்திருப்பவர்கள் காயில் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர், இ-டிராக் போன்றவை ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளில் ஓடுபவை, அவற்றுக்கென்று செய்த காயில்களை அந்தக் குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், வெளியே எடுத்துப்போக முடியாது.

அப்புறம் பிளக். நான் இதில் நன்றாக அனுபவப்பட்டேன். ஒருவர் விற்ற பழைய பெரிய காயில் ஒன்றைப் பிளக் பார்த்தே வாங்கினேன். அதே வட்டம், அதே எண்ணிக்கையில் பின்கள், திருகினால் அல்வா மாதிரி உட்கார்ந்தது. மெஷினைப் போட்டதும் இடைவிடாத ஊளை. சென்சிடிவிட்டியை, அதாவது மெஷினின் காது கூர்மையை, பாதிக்குக் கீழே இறக்கினால் ஊளை நின்றது, கூடவே காசும் கேட்காமல் போனது, இரண்டு விரல் ஆழத்தில் வைத்துக் காட்டிய செப்புக் காசுக்குக்கூட விக்கல் மாதிரி ஒரு சத்தம்தான். காயிலின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்த பிறகுதான் அது வேறு அலைவரிசைக் காயில் என்று தெரிந்தது. பிளக் பொருந்துவது பிளக் பொருந்துகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

சில பழைய மாடல்களில் பிளக்கே கிடையாது, கேபிள் நேராகப் பெட்டிக்குள் போய்விடும். தண்ணீருக்கடியில் தேடுவதற்காகச் செய்த மைன்லேப் எக்ஸ்காலிபர் இப்படிப்பட்டது. கேபிளை வெட்டி நடுவில் பிளக் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் சாலிடரிங்கில் கை பழகாதவர் அதில் இறங்க வேண்டாம்.

ஒயிட்ஸ் 2020-ல் கடையை மூடிவிட்டது. இந்த மாதிரிக் கம்பெனிகளின் மெஷின் வைத்திருந்தால் பழைய காயில்தான் தேட வேண்டும், அல்லது உக்ரைனின் நெல், பல்கேரியாவின் டெடெக் மாதிரி வெளிக் கம்பெனிகள் அந்த மாடலுக்குச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிக் கம்பெனிக் காயில் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்வதில் பெரும்பகுதி டபுள் டி வகை, அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

பெரிசா, சின்னதா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், காயில் விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். காயிலின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழத்தில் காசு கேட்கும் என்று ஒரு கைக்கணக்கு உலவுகிறது. 6 அங்குலம், 8 அங்குலம் வரைக்கும் அது பரவாயில்லாமல் சரிதான். அதைத் தாண்டினால் கணக்கு உதைக்கும். 15 அங்குலக் காயில் போட்டால் 15 அங்குல ஆழத்தில் ஒற்றைக் காசு கேட்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், அது பானை, பெட்டி அளவுப் பொருளுக்கு நடக்கும், காசுக்கு நடக்காது.

காரணம் தூரம். காயிலின் அகலத்தைவிட ஆழம் அதிகமாகிவிட்டால், தூரம் இரண்டு மடங்கானதும் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. போகும்போது எட்டில் ஒன்று, காசிலிருந்து திரும்பி வரும்போது இன்னொரு எட்டில் ஒன்று, ஆக அறுபத்து நாலில் ஒரு பங்கு சத்தம்தான் திரும்பி வந்து சேருகிறது. பெரிய காயில் தன் புலத்தை அகலமாக விரிக்கிறது, அதனால் ஆழத்தில் கொஞ்சம் லாபம். ஆனால் அதே காரணத்தால் தட்டுக்குப் பக்கத்தில் அதன் புலம் நீர்த்துப்போய் இருக்கிறது, மேலாகக் கிடக்கிற மெல்லிசுக் காசுக்குச் சின்னக் காயில் தருகிற பளிச்சென்ற சத்தத்தை அது தராது. டார்ச் லைட்டின் முகப்பைத் திருகி வெளிச்சத்தைப் பரப்பினால் என்ன ஆகும், அந்த மாதிரி.

பெரிய காயில் காசை மட்டுமா கூடுதலாகப் பார்க்கிறது? மண்ணையும் கூடுதலாகப் பார்க்கிறது. இரும்புத் தாது கலந்த செம்மண்ணிலும் கருமணலிலும் மண்ணே ஒரு சத்தம் போடும், தட்டு பெரிசாக ஆக அந்தச் சத்தமும் பெரிசாகும். பக்கத்தில் மின்கம்பி போனால் அதன் இரைச்சலும் பெரிய காயிலில்தான் அதிகம் ஏறும். அப்போது நீங்கள் சென்சிடிவிட்டியைக் குறைப்பீர்கள், குறைத்ததும் பெரிய காயிலால் கிடைத்த ஆழம் வந்த வழியே போய்விடும். இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி குப்பை. மனிதர்கள் காசைத் தொலைத்த இடமெல்லாம் மனிதர்கள் ஆணியையும் மூடியையும் டின் வளையத்தையும்கூடப் போட்ட இடம்தானே. 11 அங்குலத் தட்டுக்கு அடியில் ஒரே நேரத்தில் நாலு குப்பையும் ஒரு காசும் இருந்தால் மெஷின் அதைக் குப்பை என்றுதான் சொல்லும். இரும்பை ஒதுக்கச் சொல்லி டிஸ்கிரிமினேஷனைத் திருகி வைத்திருந்தால் அதையும் சொல்லாது, மௌனமாகத் தாண்டிப் போகும், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து நீங்களும் தாண்டிப் போவீர்கள்.

இதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். இரண்டடி நீளப் பலகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் (பலகையில் ஆணி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் முதல் தடவை அதிலேயே அரை மணி நேரம் வீணாக்கினேன்). நடுவில் ஒரு செப்புக் காசை ஒட்டுங்கள், அதற்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணி, வலப்பக்கம் நாலு விரல் தள்ளி இன்னொன்று. தரையில் கம்பி எதுவும் இல்லாத இடத்தில் பலகையை வைத்து, ஆணி மட்டும் ஒதுங்குகிற அளவுக்கு டிஸ்கிரிமினேஷனை வைத்து, பலகைக்கு நாலு விரல் மேலே காயிலை நிதானமாக வீசுங்கள். என் மெஷினில் அதனுடன் வந்த 9 அங்குலக் காயில் இடமிருந்து வலமாகப் போகும்போது ஒன்றும் சொல்லாது, திரும்பி வரும்போது தொண்டை அடைத்தவர் மாதிரி ஒரு கீச்சு. பலகையைக் கால்வட்டம் திருப்பி ஆணி-காசு-ஆணி வரிசைக்குக் குறுக்கே வீசினால் கொஞ்சம் தேறும். அதே இடத்தில் 5 அங்குலக் காயிலை மாட்டியபோது இரண்டு பக்கமும் முழுசாக, உருண்டையாக ஒரு பீப். மெஷின் அதேதான், பேட்டரிகூட அதேதான். ஆணியும் காசும் ஒரே நேரத்தில் தட்டுக்கு அடியில் வராததுதான் வித்தியாசம்.

ஆழம் குறையுமே என்றால், குறையும்தான். சாதாரண மண்ணில் 9 அங்குலக் காயில் ஒரு நடுத்தரக் காசை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை கேட்கும் என்றால் சின்னக் காயில் அதில் சில சென்டிமீட்டரை இழக்கும். குப்பை நிறைந்த இடத்தில் அந்தக் கணக்கே வேறு: அங்கே பெரிய காயில் எட்டு சென்டிமீட்டரில் கிடக்கிற காசையே மறைத்துவிடுகிறது, அப்புறம் 20 சென்டிமீட்டருக்குப் போகிற திறமை எதற்கு? குப்பை இல்லாத வயல், கடற்கரை, ஆள் அதிகம் புழங்காத மேய்ச்சல் நிலம் என்றால் பெரிய காயில்தான் ராஜா, ஒரே வீச்சில் நிறைய இடம் அடையும், ஆழமும் கொஞ்சம் கூடும். கை வலிக்கும். பழைய மெஷின்கள் ஏற்கெனவே கனமானவை, நுனியில் இன்னும் அரைக் கிலோ ஏறினால் மதியத்துக்குள் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும்.

வட்டத்துக்குப் பதில் நீள்வட்டக் காயில் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். நல்லதுதான், அகலம் குறைவதால் குப்பைக்கு நடுவே நன்றாகப் பிரிக்கும், நீளம் இருப்பதால் இடமும் அடையும். ஆழம் ஏறக்குறைய அதன் குறுகிய அளவைப் பொறுத்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கான்சென்ட்ரிக், டபுள் டி

காயிலுக்குள் சுருள்களை வைக்கிற விதத்தில் இரண்டு வகை முக்கியம். கான்சென்ட்ரிக் என்றால் வட்டத்துக்குள் வட்டம்: வெளியே பெரிய அனுப்பும் சுருள், நடுவில் சின்னக் கேட்கும் சுருள். இது பார்க்கிற இடம் கவிழ்த்துவைத்த கூம்பு மாதிரி, மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகி நடுவில் ஒரு முனை. டபுள் டி என்றால் ஆங்கில டி எழுத்து வடிவில் இரண்டு சுருள்கள் முதுகோடு முதுகு சேர்ந்து நடுவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த ஏறிய பட்டைதான் தேடுகிற பகுதி, காயிலின் மூக்கிலிருந்து வால் வரை கத்தி மாதிரி ஒரு கோடு.

இதில் எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய. என் கருத்து, மண்ணைக் கேளுங்கள். மண் சத்தம் போடுகிற மண்ணாக இருந்தால் டபுள் டி, ஏனென்றால் அந்தக் குறுகலான பட்டை ஒரே நேரத்தில் குறைவான மண்ணைப் பார்க்கிறது, மெஷின் பதறாமல் ஓடும். மண் சாதுவாக இருந்தால் கான்சென்ட்ரிக், அதுவும் பழைய மெஷினில். ஏன் பழைய மெஷினில் என்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்து மெஷின்களில் நிறைய, கான்சென்ட்ரிக் காயிலோடு விற்கப்பட்டவை. ஆழம் காட்டுகிற முள், உலோகத்தைச் சொல்கிற எண், டிஸ்கிரிமினேஷன் திருகு எல்லாம் அந்தக் காயிலை வைத்தே அளவு பார்த்து வைக்கப்பட்டவை. இன்னொரு காரணம் சோடா மூடி. துருப்பிடித்த தட்டையான இரும்பையும் மூடியையும் டபுள் டி பல சமயம் நல்ல காசு மாதிரியே சொல்லி ஏமாற்றும், கான்சென்ட்ரிக் அந்த விஷயத்தில் கொஞ்சம் உஷார், மூடியின் மேல் போகும்போது சத்தம் உடைந்து கரகரப்பதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மூடி மண்டிக்கிடக்கிற பூங்காவில் காசு தேடுகிறவருக்கு இது சாதாரண விஷயமில்லை, ஒரு நாளைக்கு முப்பது குழி குறையும்.

வீசுகிற விதமும் மாறும். கான்சென்ட்ரிக்கில் ஆழத்தில் பார்ப்பது கூம்பின் முனை மட்டும்தான், அதனால் ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சின்மேல் பாதி ஏறிப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆழத்துக் காசுகள் இரண்டு வீச்சுக்கு நடுவே தங்கிவிடும். டபுள் டியில் முழு நீளமும் ஏறக்குறைய ஒரே மாதிரி பார்ப்பதால் கொஞ்சம் தாராளமாக நகரலாம். காசு சரியாக எங்கே என்று குறிபார்ப்பதில் கான்சென்ட்ரிக் சுலபம், சத்தம் உச்சத்தில் இருக்கும்போது காசு வட்டத்தின் மையத்துக்கு நேர் கீழே. டபுள் டியில் பழகும்வரை எரிச்சலாக இருக்கும். அதற்கு ஒரு வழி, காயிலைச் சின்னச் சின்னதாக இடம் வலம் ஆட்டிக்கொண்டே பின்னால் இழுத்து வாருங்கள், சத்தம் சட்டென்று நிற்கிற இடத்தில் காசு காயிலின் மூக்குக்குச் சற்று முன்னால் இருக்கும்.

புதுக் காயில் மாட்டியதும் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண் போடுகிற சத்தத்தை மெஷின் கண்டுகொள்ளாதபடி திருகிச் சரிசெய்வது, அதை மறுபடி செய்யுங்கள். திருகு வெளியே இல்லாமல் கம்பெனியே உள்ளே நிலையாக வைத்துவிட்ட மெஷின்களில் நம்மால் செய்ய ஒன்றுமில்லை. அப்படிப்பட்டதில் காயில் மாறியதும் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது புதிதாக முனக ஆரம்பித்தால் சென்சிடிவிட்டியை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஆழம் காட்டுகிற முள்ளை இனி நம்ப வேண்டாம். சின்னக் காயிலில் ஏழு சென்டிமீட்டர் காசையும் பதினைந்து என்று காட்டலாம், குழியை அகலமாக வெட்டிவிட்டுக் காசு மேல் மண்ணிலேயே கிடப்பதைப் பார்த்து அசடு வழிய வேண்டியிருக்கும்.

காயிலே குற்றமில்லாமல் மாட்டிய விதத்தால் பொய்ச் சத்தம் வருவதும் உண்டு. கேபிளைக் கம்பில் சுற்றும்போது காயிலுக்குப் பக்கத்தில் தொளதொளவென்று விட்டால் வீசும்போதெல்லாம் கேபிள் ஆடி, மெஷின் அதையும் ஒரு உலோகம் என்று கூவும். காயிலைச் சாய்க்க இடம் விட்டு, மீதியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். காயிலைக் கம்பில் பிடிக்கிற போல்ட் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், தொலைந்துவிட்டதே என்று இரும்புப் போல்ட் போட்டால் அதைத்தான் நாள் முழுக்கக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள். அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் மூடிக்குள் ஈர மண் சேரும், இரும்புத் தாது கலந்த மண் என்றால் அதுவே சத்தம் போடும், வாரத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் தட்டிவிடுங்கள்.

பழைய காயிலை வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களே உங்கள் மெஷினைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், விற்பவர் மெஷினில் ஓடியது என்பது போதாது. காயிலைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் மோதிரம், வாட்ச் எதுவும் இல்லாமல், விரலால் அதன் முதுகில் லேசாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மெஷின் கூவினால் உள்ளே ரெசின் விட்டுப்போய்ச் சுருள் அசைகிறது என்று அர்த்தம், அதை யாராலும் சரிசெய்து தர முடியாது, விட்டுவிடுங்கள். அடுத்து கேபிள் காயிலுக்குள் நுழைகிற இடத்தையும் பிளக்குக்குள் நுழைகிற இடத்தையும் இரண்டு விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள், கம்பி அறுவது எப்போதும் அங்கேதான். பின்களில் பச்சை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், மின்தொடர்புகளைத் துடைக்கிற ஸ்பிரே அடித்து நாலைந்து முறை மாட்டிக் கழற்றினால் பெரும்பாலும் போய்விடும். கடைசியாகக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சூடு ஏறினதும் பிதற்ற ஆரம்பிக்கிற காயில்கள் உண்டு, நிழலில் அவை தங்கமாக நடந்துகொள்ளும்.

சரி, கையில் ஒரே ஒரு காயிலுக்குத்தான் வசதி என்றால்? மெஷினுடன் வந்த 8, 9 அங்குலக் காயில் நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு, அதே மாடலுக்கென்று செய்த 5 அல்லது 6 அங்குலக் காயில் ஒன்று தேடுங்கள். மண் சாதுவென்றால் கான்சென்ட்ரிக், சத்தம் போடுகிற மண் என்றால் டபுள் டி. பெரிய காயிலை மூன்றாவதாக யோசிக்கலாம், அதுவும் நீங்கள் போகிற இடம் குப்பையில்லாத திறந்த நிலமாக இருந்தால் மட்டும். 12 அங்குலத்துக்கு மேல் காசுக்காக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சின்னக் காயில் வந்ததும் புது இடம் தேடி ஓட வேண்டாம். பழைய காயிலால் ஏற்கெனவே அலசி, இங்கே இனி ஒன்றுமில்லை என்று கைவிட்ட இடத்துக்கே போங்கள், இடத்துக்காரரிடம் மறுபடி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அன்று ஆணிகள் அதிகமாகக் கத்திய மூலை எது என்று நினைவிருக்கும், நேராக அங்கே நின்று, டிஸ்கிரிமினேஷனை இரும்பு மட்டும் ஒதுங்குகிற அளவுக்கு இறக்கி, காயில் புல்லைத் தொட்டும் தொடாமலும் போகிற மாதிரி மெதுவாக வீசுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிற அரைகுறைச் சத்தம் வந்தால் அதைச் சுற்றிக் கால்வட்டம் நடந்து வேறு திசையிலிருந்து வீசிப் பாருங்கள், அங்கிருந்து முழுசாகக் கேட்டால் தோண்டுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு கட்டில் போடுகிற இடத்தைத் தாண்டியிருந்தால் வேகமாகப் போகிறீர்கள்.